மகேசு வயிற்றில் அப்பாவைத் தேடாதே

கண்ணு, அம்மா எழுதுகிறேன்.

நீ விம்கோ நகர் லாரி ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறாய், அங்கேயே குளித்து அங்கேயே சாப்பிடுகிறாய் என்று உன் கூட்டாளி சொன்னான். போன் செய்தால் எடுத்து, "ஓட்டினுகீறேம்மா, அப்பறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து, தப்பு இருந்தால் நீயே சரியாகப் படித்துக்கொள். ஷெட்டில் நாலு பேர் கண்ணில் பட்டாலும் மறைக்காதே. நம் வீட்டு விஷயத்தை ஊர் முழுக்கத் தப்பாகச் சொல்லியாகிவிட்டது. சரியானதும் ஊருக்குத் தெரியட்டும்.

உங்கப்பா போன ஆடியில் போனார். ஹார்பரில் இருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார், தண்ணி கேட்டார், நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது யாரோ வீட்டில் நடந்த மாதிரி இருக்கிறது. காசிமேட்டு ஷெட்டில் ஐஸ் தண்ணியில் கை விட்டு எறா உரிக்கும்போது முதலில் கொஞ்ச நேரம் குத்தும். அப்புறம் விரல் இருப்பதே தெரியாது. ஓடு கிழித்து ரத்தம் வந்தால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றையிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், பேசுகிறார்கள், பதில் சொல்கிறேன். எதுவும் எட்டவில்லை.

அவரை எடுத்த அன்றைக்கு மகேசுவுக்கு மாசத்தில் இரண்டாவது நாள். வீடு நிறைய ஆள். வெளியே தள்ளி உட்கார இடமும் இல்லை, யாரிடமும் சொல்ல வழியும் இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தாள். தூக்குகிற நேரத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாள். உன் எண்ணூர் அத்தை, கூடப் பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவள், அந்த ஆத்திரத்தில், "பொறந்தவ நானே நிக்கிறேன், மருமவளுக்கு இன்னா இவ்ளோ சீனு?" என்றாள். நீ தண்ணி தெளித்து எழுப்பிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. உனக்கு அன்றைக்குத் தோள் ஒன்றுதான் இருந்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்து மறுபடியும் டம்ளர் கழுவப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது உன் அத்தைதான் ஆரம்பித்தாள். "இன்னா அண்ணி, இப்பிடியே குந்திகினு கீற? எங்கண்ணன் எங்க பூடும்? வருசம் திரும்பறதுக்குள்ள மகேசு வவுத்துல வந்து தங்கிடும் பாரு. அதால இந்த ஊட்ட வுட்டு இருக்க முடியாது" என்றாள். "ஆமாமா, வெளியூரு போனாக்கூட ராத்திரி சோத்துக்கு வந்துடுவாரே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அத்தனை நாளில் அப்போதுதான் நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நம் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். எத்தனையோ வீட்டில் நானும் சொல்லியிருக்கிறேன். பேரனுக்குத் தாத்தா பேரை வைத்து, அவர் மாதிரியே முழிக்கிறான் பார் என்று எல்லாரும் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் இது அந்த வீட்டு மருமகள் காதில் எப்படி விழும் என்று நான் நினைத்தது இல்லை. கல்யாணம் ஆகி மூன்று வருஷமாக மாசா மாசம் "குளிச்சிட்டியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தவள். அதற்கு மேல் இப்போது செத்துப்போன ஒரு மனுஷனையும் அவள்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துவிட்டோம்.

உனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. எனக்கும்தான்.

அப்பா படத்துக்கு தினமும் விளக்கு வைப்பது மகேசு வேலை என்று உன் அத்தை சொல்லிவிட்டுப் போனாள். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் கை கால் கழுவி ஏற்றுவாள். மாசத்தில் அவளுக்கு ஆகாத மூன்று நாள் நான் ஏற்றுவேன். அவள் சொல்லக்கூட வேண்டாம். விளக்கு ஏற்றாமல் அடுப்படியில் நின்றாள் என்றால் நான் எழுந்து போவேன். பொங்கல் கழிந்த பிறகு நான் எழுந்து போகிற நாள் வரவில்லை. ஒரு மாசம் போனது. அடுத்த மாசமும் அவளே ஏற்றினாள். நான் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கலைந்துவிடும் என்று பயம். மூன்றாவது மாசமும் பாதி போனதும் ஷெட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மகேசு முழுவாம கீறா" என்றேன். எறாவைப் போட்டுவிட்டு எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் ஒருத்தி உன் அத்தைக்குப் போன் போட்டுவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். எண்ணூர் துறைமுக கேட்டில் கண்டெய்னர் வண்டி வரிசையில் நின்றிருந்தாய். வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு ஓடிவந்தாய். உன் அத்தை வளையலும் பூவுமாக வந்து உட்கார்ந்திருந்தாள். மகேசு ஷிப்ட் முடிந்து தோளில் பையோடு உள்ளே வந்தாள். என்ன ஏது என்று அவள் கேட்பதற்குள் அத்தை அவள் வாயில் சர்க்கரையைப் போட்டாள். நீ எல்லார் முன்னாலும் மண்டி போட்டு அவள் வயிற்றைப் பார்த்து, "இன்னா நைனா, வந்துட்டியா? இவ்ளோ நாளா எங்க சுத்தினு இருந்த?" என்றாய். எல்லாரும் சிரித்தோம். உன் அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். மகேசு என்னைப் பார்த்தாள். அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நீ குளித்துக்கொண்டு இருந்தாய். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தே, கொஞ்சம் உக்காரு."

"இன்னாடி, மசக்கையா? புளிப்பா எதுனா வாங்கியாரவா?"

"புள்ள இல்ல அத்தே. அது மாத்தர. டாக்டரம்மா குட்த்தது. வலி வராம இருக்கறதுக்கு மாசத்தையே நிறுத்தி வெச்சிருக்காங்க."

"நிறுத்தி வெச்சிருக்காங்களா? அது இன்னா கொழாத் தண்ணியா, நிறுத்தி வெக்க?"

"உம் புள்ளகிட்ட சொன்னேனே. கேட்டுல லைன்ல நிக்கிறேன், சரி சரி வாங்கிக்கன்னுச்சு."

நீ துண்டோடு வந்து நின்றாய். அவள் சொன்னதை நீயும் கேட்டுவிட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை நீ. சின்னப் பிள்ளையில் ஸ்கூல் வாசலில் அப்பா வர நேரமானால் கேட்பாயே, அந்தக் குரலில், "அப்ப எங்க நைனா?" என்றாய். அப்புறம்தான் கோபம் வந்தது. "அவரு வர்ற நேரம் பாத்து கதவ சாத்திட்டியே" என்றாய் அவளைப் பார்த்து. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அதுதான் நீ கடைசியாக வீட்டில் நின்றது.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன் அத்தை போன் செய்து, "எங்கண்ணன் வம்சத்த பாக்கணும்ல அண்ணி, வேற எதுனா யோசி. புள்ளைக்கும் வயசு போவுது" என்றாள். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மகேசு பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டு இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அன்றையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். "ஆடிக்கு இன்னும் நாள் கீது அத்தே. நிறுத்திட்டா ஒருவேள தங்கிடும். அதையும் பாத்துடலாம்" என்றாள். நீ இல்லாத வீட்டில் என்னத்தைத் தங்குவது என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்திருக்கிறாள்.

போன வாரம் கம்பெனியில் இருந்து இரண்டு பெண்கள் அவளை ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டாளாம். கண்ணு, மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த வலியை நான் முழுசாகப் பார்த்தது இல்லை. விடியும் முன்னே ஷெட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது படுத்திருப்பாள், எல்லாப் பொம்பளைக்கும் வருவதுதானே என்று போர்த்திவிட்டுப் போவேன். அன்றைக்குப் பார்த்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு தலையணையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வாந்தி எடுத்தாள். முதுகு, தொடை எல்லாம் இழுக்கிறது என்றாள். பாத்ரூம் போனால் கத்தியால் அறுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சுடுதண்ணி வைத்துக் கொடுத்தேன், அது ஆறியதுகூடத் தெரியாமல் வயிற்றோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். "சத்தம் போட்டு அழுடி" என்றேன். "பழகிடுச்சு அத்தே" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதல் கேள்வியாக, "மாத்திரைய ஏம்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன், "இவ மாமனாரு இவ வவுத்துல வந்து பொறக்கணும்னு." அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரா? எப்போ இறந்தாரு?" என்றார். சொன்னேன். "நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார். அதை யாரும் என்னைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டிச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி உனக்குச் சொல்கிறேன். அந்த நோயின் பேர் எண்டோமெட்ரியோசிஸ். மகேசுவை எழுதித் தரச் சொல்லி அப்படியே எழுதியிருக்கிறேன். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கிற சவ்வு மாதிரியே ஒன்று வெளியேயும் அங்கங்கே ஒட்டி வளர்கிறதாம். மாசம் வந்தால் அதுவும் கசிகிறது. வெளியே போக வழி இல்லை. மழை பெய்தால் நம் பிளாக்குக்குக் கீழே தண்ணி வடிய இடமில்லாமல் நின்று எல்லாவற்றையும் ஊற வைக்குமே, அப்படி உள்ளுக்குள்ளேயே நின்று, புண்ணாகி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் சினைப்பையில் பழைய ரத்தம் கட்டியாகி நிற்கிறது. இதனால் குழந்தை தங்குவது கஷ்டமாகலாம், ஆனால் தங்காது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது என்றார். அந்த மாத்திரை போடுகிற வரைக்கும் குழந்தை தங்காது. போட்டு முடித்ததால் சீக்கிரம் தங்கிவிடும் என்பதும் இல்லை. வேலைக்குப் போக முடியாமல், சாப்பிட முடியாமல் கிடந்த பெண்ணுக்கு உடம்பு கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும், அதற்குள் இரண்டு பேருக்கும் பார்க்க வேண்டிய பரிசோதனையை முடித்துவிடலாம் என்றுதான் கொடுத்தாராம். மகேசு கதவைச் சாத்தவில்லை கண்ணு. வலியில் இருந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது என்று கேட்டேன். கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தால் வலி குறையும், ஆனால் அதோடு சேர்ந்து கருமுட்டையும் கொஞ்சம் குறைந்துபோகலாம். எடுக்காமல் முதலில் குழந்தைக்கான சிகிச்சைக்குப் போனால் அது ஒரு வழி, அதிலும் வலியைத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். "எது முதல்லன்னு சொல்ல எனக்கு ரெண்டு பேர் ரிசல்ட்டும் வேணும்மா. இவங்களோடது எல்லாம் இருக்கு. உங்க பையனோடது எங்க? எப்பவோ எழுதிக் குடுத்தேனே" என்றார். நான் மகேசுவைப் பார்த்தேன். அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வண்டியில போவுது டாக்டர், டைம் கெடைக்கல" என்றாள். எனக்குத் தெரியும். எங்க வம்சத்தில் யாருக்கும் அப்படி ஒன்றும் இல்லை என்று நீ அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருக்கிறது. அது வம்சத்தைப் பார்க்கிற பரிசோதனை இல்லையாம். ஒரு காலை வேளையில் முடிந்துவிடுகிற வேலையாம். அவளை எத்தனை தடவை படுக்க வைத்து, குத்தி, அமுக்கிப் பார்த்திருப்பார்கள் என்று யோசி. அதற்கப்புறம் டைம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடிந்தால் சொல்.

புருஷனாக நீ செய்ய வேண்டியது பெரிசு ஒன்றும் இல்லை. அவள் படுத்தால் எப்போது சரியாகும் என்று கேட்காதே. அவளுக்கே தெரியாததைக் கேட்டால் உனக்காகப் பொய் சொல்லுவாள். வெந்நீர் பை ஆறிப்போனால் மாற்றிக் கொடு. டாக்டர் சொல்வதைப் போனில் கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்து கேள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லு, நான் சொன்னேன், அவர் மறுபடியும் படம் போட்டார். உன் அத்தை இன்னொருத்தியைப் பற்றிப் பேசினால், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று போன் செய்தாள். "உன் அண்ணன் வரமாட்டாரு. எம் மருமவள பத்தி இனி எங்கிட்ட பேசாத" என்று சொல்லிவிட்டேன். "இன்னா அண்ணி, எங்கண்ணன வர வேணாங்கறியா?" என்று அழுதாள். ஷெட்டிலும் சொல்லிவிட்டேன், பிள்ளை இல்லை, நோய், வைத்தியம் நடக்கிறது என்று. அப்புறம் ஒருத்தி, தன் மகளுக்கும் இப்படித்தான் வலி வரும், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வந்துவிட்டார் என்று நினைத்த அந்த நாட்களில் எனக்குப் பசித்தது. குழம்பில் உப்பு கூட, குறைய என்று தெரிந்தது. மகேசு தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசினேன், இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது என்று சண்டைகூடப் போட்டேன். அவள் புள்ள இல்லை என்று சொன்ன அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை போனார். அதனால் நீ ஏமாந்தது எனக்குத் தெரியும். உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும். ஆனால் அவளுக்கு உள்ளே நடக்கிறது அவளுடைய வலி. அங்கே நாம் இரண்டு பேரும் போய் உட்கார்ந்துகொண்டு நம் ஆளைத் தேடிக்கொண்டு இருந்தோம். ஒரு குழந்தை பிறந்தால் அது புதுசாக வரட்டும். பிறக்காமலும் போகலாம், அதையும் டாக்டரம்மா சொன்னார். அப்படிப் போனாலும் அவள் நம் வீட்டுப் பெண்.

நேற்று வேலை முடிந்து நேராக முகத்துவாரக்குப்பம் போனேன். உங்கப்பாவைக் கரைத்த இடம்தான். போட்டுகள் வந்துவிட்டிருந்தன, வலை உதறிக்கொண்டு இருந்தார்கள், என்னை யாரும் கவனிக்கவில்லை. முட்டிவரை தண்ணியில் நின்று அவரிடம் சொன்னேன். "நீ எங்கனா நல்ல எடமா பாத்து பொற. இங்க வராத. அந்தப் பொண்ணுக்கு ரொம்ப வலிக்குது" என்றேன். அழுகை வரவில்லை. காலில் தண்ணி சில்லென்று இருந்தது, அது தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வர்ற வியாழக்கிழமை காலையில் மகேசுவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு எது முதலில் என்று முடிவு செய்ய வேண்டும். வெறும் கையோடு வந்தாலும் வா, பரிசோதனையை அங்கேயே கொடுக்கலாம். டாக்டரம்மா மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒன்றில் அவள் உட்காருவாள். இன்னொன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் எழுந்துகொள்கிறேன்.

அம்மா